பின்சக்கரத்துக்குப் பாரம்

உட்காருங்கள் தம்பி. அந்தப் பிரம்பு நாற்காலி வேண்டாம், அது ஒரு ரிட்டயர்டு ஜட்ஜினுடையது. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருசமாகிறது, இன்னும் அதில் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை. இப்படி இந்தப் பெஞ்சுக்கு வாருங்கள். செரியன் அம்மாவைப் பார்க்கத்தானே வந்தீர்கள்? கிளப் செக்ரட்டரி அம்மா பல் பிடுங்கக் குன்னூர் போயிருக்கிறார்கள். எத்தனை பல் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மத்தியானம் வரலாம், நாளைக்கும் வரலாம். பல் சமாச்சாரம் பாருங்கள்.

நீங்கள் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்கள் பையிலிருந்து தலையை நீட்டுகிறதே அந்தப் பளபளப்புப் புத்தகம், அதுவே சொல்லிவிட்டது. உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி மெஷின் விற்க வந்திருக்கிறீர்கள். கொடுங்கள் பார்ப்போம். அடடே, சிவப்புக் கலர். மேலே ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்து சிரிக்கிறான். வெள்ளைக்காரன் எதன் மேல் உட்கார்ந்தாலும் சிரிக்கத்தான் செய்வான். கீழே என்ன போட்டிருக்கிறது? 'நான்கு சக்கரமும் இழுக்கும். எந்தச் சரிவிலும் வழுக்காது.' சரி.

ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். இதை நீங்கள் அம்மாவிடம் விற்றுவிட்டால் நான் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். இறங்கி எங்கே போவேன்? திருப்பூரில் என் பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீடு இருக்கிறது, மூன்றாவது மாடி. மாப்பிள்ளை ரொம்ப நல்ல மனுசன், கஷ்டமே அதுதான். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டாவது பொழுதை ஓட்டலாம். அவர் காலையில் என் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டி, "இன்னிக்குப் பத்தாயிரம் அடி நடந்துருங்க மாமா" என்பார். மூன்றாவது மாடியில் பத்தாயிரம் அடி. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்து நடந்து நான் எந்தப் பக்கம் போகிறேன், எந்தப் பக்கம் வருகிறேன் என்பதே ஒரு நாள் மறந்துவிட்டது. இந்த மலையில் எனக்கு ஒரு ரூம் இருக்கிறது, விறகுக் கொட்டகைக்குப் பின்னால். ஒரு உத்தியோகம் இருக்கிறது. அதனால் என் பேச்சில் சுயநலம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கேளுங்கள். ஆனால் பொய் இருக்காது. கரடி வருகிற இடம் மட்டும் நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். அதுவும் உண்மைதான்.

முதலில் அந்தப் புல்தரையைப் பாருங்கள். இந்த வராந்தாவில் ஆரம்பித்து அதோ கீழே சீகை மரங்கள் நிற்கிற வரிசை வரைக்கும். இங்கே நின்று ஒரு எலுமிச்சம்பழத்தை நழுவவிட்டால் அது அங்கே போய்த்தான் நிற்கும். போன வருசம் ஒரு மெம்பர் நழுவவிடப்பட்டார், அவரும் அங்கே போய்த்தான் நின்றார். இந்தப் புல்லுக்குக் கிக்கியூ என்று பேர். பகலில் பார்த்தால் மெத்தை. காலையில் பனி விழுந்தபிறகு பார்த்தால் எண்ணெய் தேய்த்த எருமை முதுகு.

முந்தியெல்லாம் ஐந்து பொம்பளைகள் அரிவாளால் இதை வெட்டுவார்கள். இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் இந்தக் கோடியில் வளர்ந்துவிடும். அவர்களுக்குத் தலைவி மாதி. பக்கத்து ஊர்க்காரி, படுகர் வீட்டுப் பெண், ஐம்பது வயசிருக்கும். பேச்சு கம்மி. பேச்சு கம்மியாக இருக்கிற பொம்பளைகளிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

அப்புறம் ஒரு மெம்பர் பங்களாவை விற்றுவிட்டு மகளோடு வெளிநாடு போகும்போது தன் புல்வெட்டி மெஷினைக் கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டுப் புல்தரை தாம்பாளம் மாதிரி சமதளம். அதை யாரும் யோசிக்கவில்லை. செரியன் அம்மா, "டிராக்டர் ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டிருக்கிறார்கள். என் பேர் ஒண்டிமுத்து. காரமடையில் முப்பத்தெட்டு வருசம் டிராக்டர் ஓட்டினவன். வாழைத் தோட்டத்தில் ஓட்டியிருக்கிறேன், கோபிப் பக்கம் இடுப்பளவு சேற்றில் ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவை பிரேக் பிடிக்காமல் ஒரு கல்யாணப் பந்தலுக்குள் ஓட்டியிருக்கிறேன். அந்தக் கல்யாணம் நின்றுபோனதற்கு நான் காரணமில்லை, மாப்பிள்ளைக்கே இஷ்டமில்லை. அது வேறு கதை.

ஐப்பசி மாசம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காலை ஏழு மணிக்கு மெம்பர்கள் எல்லாம் டீக்கோப்பையோடு வராந்தாவில் நிற்கிறார்கள். நான் கீழேயிருந்து குறுக்குவாட்டில் ஏறுகிறேன். பாதிச் சரிவில் பின்சக்கரம் இரண்டும் சுற்ற ஆரம்பித்தன. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. அப்புறம் வண்டி நகர்ந்தது, ஆனால் பின்னால். நான் பதறவில்லை. மேலே நின்ற செரியன் அம்மாவைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தபடியே கீழே இறங்கினேன். பார்க்கிறவர்களுக்கு அது திட்டமிட்டு இறங்கின மாதிரித்தான் இருந்திருக்கும், சீகை மரம் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

அம்மா இறங்கி வந்தார்கள். "ஒண்டிமுத்து, இது போகும்போதே வழுக்குந்நதோ, இல்ல நீ ஓட்டும்போது மட்டும் வழுக்குந்நதோ?" என்றார்கள். கோட்டயத்துத் தமிழ். அப்புறம் உத்தரவு போட்டார்கள். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு ஆண்டுவிழா. இருநூறு பேர் இந்தப் புல்மேல் நின்று டீ குடிப்பார்கள். அதற்குள் மெஷின் இந்தச் சரிவை ஏறி முழுசாக வெட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மெஷின் விலைக்குப் போகும், மாதி கூட்டம் அரிவாளை எடுக்கும், ஒண்டிமுத்து மேட்டுப்பாளையம் பஸ் ஏறலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் மாதி வந்தாள். அரிவாளைப் பாவாடை மடிப்பில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, ஏழு மணிக்கு ஏன் எறக்குறீங்க? வெயில் வந்து புல்லு காயட்டும். டயர்ல காத்தைப் பாதி எறக்கிருங்க. குறுக்கே போகாதீங்க, நேரா ஏறி நேரா எறங்குங்க."

"நீ எங்கே அம்மிணி டிராக்டர் ஓட்டினே?"

"எங்க ஊர்ல கேரட் தோட்டத்துக்கு ஏத்துறப்ப அப்பிடித்தாங்க ஏத்துவாங்க."

தம்பி, நீங்கள் மெஷின் விற்கிறவர், உங்களுக்குத் தெரியும். காற்று இறங்கின டயரோடு வண்டி ஓட்டுகிறவனுக்கு டிரைவர் என்று பேர் இல்லை, பஞ்சர் ஆனவன் என்று பேர். அதுவுமில்லாமல் யோசித்துப் பாருங்கள். மெஷின் தோற்றால் வேலை யாருக்குத் திரும்பும்? அவளுக்கு. அவள் எனக்கு நல்ல வழி சொல்லுவாளா? முப்பத்தெட்டு வருசம் ஓட்டினவனுக்கு இது கூடவா தெரியாது. "சரிங்" என்று மட்டும் சொன்னேன். அவள் சொன்ன மூன்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, அதையெல்லாம் செய்யக் கூடாது என்று மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நான் என் அனுபவத்தை எடுத்தேன். கோபியில் சேற்றுழவு ஓட்டும்போது டயர் பிடிக்காது. அப்போது என்ன செய்வோம்? கேஜ் வீல் மாட்டுவோம். டயருக்குப் பதில் இரும்புக் கூண்டு, சுற்றிலும் பட்டை பட்டையாகத் தகடு. அது சேற்றைக் கவ்விப் பிடித்துக்கொண்டு போகும். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வெல்டிங் பட்டறையில் இந்த மெஷின் அளவுக்குச் சின்னதாக இரண்டு செய்தேன். பட்டறைக்காரன், "இது எதுக்குண்ணா, கிளிக்கா?" என்றான்.

ஏறியதா என்று கேட்கிறீர்களா? ஏறியது தம்பி. ஆடு ஏறுகிற மாதிரி ஏறியது. நான்கு முறை மேலே கீழே போய்வந்து, மேலே நின்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். புல் இல்லை. உழுது போட்டிருந்தது. செம்மண் கோடு கோடாக, அவ்வளவு நேர்த்தி. அந்த மண்ணில் அப்படி ஒரு உழவை இந்த ஜில்லாவில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். மாதி கூட்டத்தில் ஒருத்தி, "அண்ணா, கேரட் போடலாமா, பூண்டு போடலாமா?" என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். மாதி மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து பிய்ந்த புல் கட்டிகளைப் பொறுக்கித் திரும்பவும் மண்ணில் வைத்து மிதிக்க ஆரம்பித்தாள். செரியன் அம்மா வெளியே வருவதற்குள் ஐந்து பேரும் முக்கால்வாசியை மிதித்து மூடிவிட்டார்கள். என்னுடைய உழவைப் பொறாமையில்தான் அழித்தார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் லேசாகத் தோன்றுகிறது.

அம்மா மிச்சம் இருந்த கால்வாசியைப் பார்த்து நின்றார்கள். "கேரளத்தில் இதை வயல்னு பறயும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கேஜ் வீல் இரண்டும் இப்போது சமையல்கட்டில் கோழிக்கூண்டாக இருக்கின்றன.

அடுத்தது பாரம். சக்கரம் ஏன் சுற்றுகிறது? பின்பக்கம் பாரம் இல்லை. டிராக்டரில் பின் டயருக்குத் தண்ணீர் ஏற்றுவோம், தெரியுமில்லையா? டியூபில் முக்கால்வாசி தண்ணீர், மிச்சம் காற்று. வண்டி நிலத்தை விட்டு எழும்பாது. அதையே இதற்கும் செய்தேன். இது மார்கழியில். தண்ணீர் ஏற்றி நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். கோத்தகிரியில் உறைபனி கொட்டுவது அபூர்வம். அந்த வருசம் எனக்காகவே கொட்டியது. காலையில் வந்து ஸ்டார்ட் பண்ணி ஓட்டுகிறேன், மெஷின் ஓடவில்லை, குதிக்கிறது. தொம், தொம், தொம் என்று. இறங்கிப் பார்த்தால் டயருக்குள் தண்ணீர் ஐஸ் ஆகி, கீழ்ப்பக்கம் தட்டையாக உறைந்து, டயர் சதுரமாக நிற்கிறது. ஆமாம் தம்பி, சதுரம். நான்கு மூலையும் தொட்டுப் பார்த்தேன். உலகத்தில் சதுரச் சக்கரத்தில் ஓட்டின டிரைவர் நான் ஒருத்தன்தான். ஒரு தவளையின் மேல் உட்கார்ந்த மாதிரி இந்த வராந்தாவைத் தாண்டிப் போனேன். ஜட்ஜ் நாற்காலியில் இருந்த பூனை அன்றைக்கு ஓடினது, இன்னும் திரும்பி வரவில்லை.

மாதி அன்றைக்கும் வந்தாள். "காத்து" என்று ஒரே வார்த்தை சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

யோசித்தேன். பாரம் என்கிற முடிவு சரி. தண்ணீர்தான் தப்பு. உறையாத பாரம் வேண்டும். உறையாதது எது? ராத்திரி முழுக்க யோசித்து விடிகிற நேரத்தில் பளிச்சென்று பட்டது. என் மச்சான் காளியண்ணன் சத்தியமங்கலம் பக்கம் கரும்பாலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறார். வெல்லப்பாகு பதம் தப்பிவிட்டால் என்ன ஆகும்? உறையாது. அச்சில் ஊற்றினால் ஊற்றினபடியே கிடக்கும், ஆறு மாசம் ஆனாலும் கெட்டியாகாது. மச்சானுக்கு வாரத்துக்கு ஒரு கொப்பரை பதம் தப்பும், ஏனென்றால் அவர் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு செல்போனில் பேசுகிறவர். காளியண்ணனால் உறைய வைக்க முடியாத பாகை கோத்தகிரிப் பனியால் உறைய வைக்க முடியுமா? கனமோ தண்ணீரைவிட அதிகம். இதை எந்த இஞ்சினியரும் யோசித்திருக்க மாட்டான்.

இரண்டு டின் பாகு பஸ்ஸில் வந்தது. மருந்தடிக்கிற பம்பைக் கழுவி, பாகைச் சுடவைத்து இளக்கி, டியூபுக்குள் ஏற்றினேன். சாதாரணக் கனமா? மெஷினைத் தள்ளினால் கோயில் தேர் மாதிரி அசைந்தது. ஆண்டுவிழாவுக்கு நான்கு நாள் இருக்கிறது. மறுநாள் ஏற்றிக் காட்டலாம் என்று படுத்துவிட்டேன்.

வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. காலையில் வந்து பார்த்தால் டயரைக் காணோம், எறும்புதான் இருக்கிறது. அது மட்டுமில்லை. மெஷின் விட்ட இடத்தில் இல்லை, நாலு அடி கீழே தள்ளி நின்றது. பொம்பளைகள், "ஹேண்ட் பிரேக் போடலீங்களா?" என்று கேட்டார்கள். எறும்புகள் ஒற்றுமையாக இழுத்தால் நாலு அடி ஒன்றும் பெரிய விஷயமில்லை. எறும்பைத் துடைத்து வால்வை முறுக்கி மூடினேன். ஆனால் வாசனை போய்விட்டதே. கீழே தேயிலைக் காடு, அதற்கும் கீழே சோலை. வாசனை காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்று நான் யோசிக்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் வெல்ல வாசனைக்கு மிஞ்சிப் போனால் சொந்தக்காரன் வருவான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. மூடுபனி. ஆண்டுவிழா ஞாயிற்றுக்கிழமை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சீட்டில் ஏறி உட்கார்ந்து இஞ்சினைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறேன். பின்னால் யாரோ மூச்சு வாங்குகிறார்கள். மெம்பர் யாராவது வாக்கிங் வந்திருப்பார் என்று, "குட் மார்னிங் சார்" என்றேன். பதில் இல்லை. மெம்பர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், அதனால் அதுவும் சந்தேகம் தரவில்லை. திரும்பிப் பார்த்தால் கரடி. ஆளுயரக் கரடி. பின் டயரைக் கட்டிப்பிடித்து, மூடின கண்ணைத் திறக்காமல் நக்கிக்கொண்டிருக்கிறது. என் மச்சான் வெல்லத்தை இதுவரை யாரும் அப்படி மதித்துச் சாப்பிட்டது இல்லை.

நான் பயப்படவில்லை. கால் தானாக ஆக்சிலேட்டரை மிதித்தது, அவ்வளவுதான். மெஷின் கிளம்பியது. கரடி டயரை விடுமா? பின்னால் சாமான் வைக்கிற இரும்புத் தட்டு இருக்கிறதே, அதில் தாவி ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் முன்னால், அது பின்னால். கீழே மரம், அதனால் மேல் பக்கம் திருப்பினேன். பனி ஈரம், எருமை முதுகு, அதிலேயே இந்தச் சரிவின் செங்குத்தான இடம். தம்பி, சக்கரம் ஒரு சுற்றுகூட வழுக்கவில்லை. பாகு உள்ளே, கரடி மேலே. கவ்விக்கொண்டு ஏறியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாரம் டயருக்குள் இருப்பதைவிடத் தட்டின்மேல் இருக்க வேண்டும், அதுவும் உயிருள்ள பாரமாக இருக்க வேண்டும். வளைவில் கரடி எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் சரியாகச் சாய்ந்தது. மூட்டை சாயுமா? எட்டு வரிசை வெட்டினோம். ஒன்பதாவது வரிசையில் அதற்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, தும்மிவிட்டு இறங்கி, போகிற வழியில் வலது டயரை ஒரு கடி கடித்துவிட்டுப் போய்விட்டது.

மாதி வேறு மாதிரி சொல்வாள். அவள் ஏழு மணிக்கு வரும்போது நான் சீகை மரத்தின் மேல் இருந்தேன் என்பாள். இருந்தேன், அதை மறைக்கவில்லை. வெட்டின வரிசை நேராக இருக்கிறதா என்று உயரத்திலிருந்து பார்க்க ஏறினேன். "வரிசை எங்கண்ணா? ஒரு புல்லுகூட வெட்டுப்படலையே" என்று அவள் கேட்டாள். கரடி புரண்டு புரண்டு போனதில் அழிந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? இறங்கும்போது கடைசிக் கிளை முடிந்த விவரம் எனக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டது. பேண்ட்டும் பின்பக்கம் முழுசாகக் கிழிந்துவிட்டது. ஐந்து பொம்பளைகளும் ரொம்ப மரியாதையாக மலையைப் பார்த்தபடி நின்றார்கள்.

ஆக, வெள்ளிக்கிழமை நிலவரம் இது. ஒரு டயர் கிழிந்து கிடக்கிறது, இன்னொன்றில் பாகு வடிகிறது, டிரைவருக்கு இடுப்பு நிமிரவில்லை, புல் கணுக்கால் உயரம். நான் மெதுவாக ரூமுக்குப் போனேன்.

மத்தியானம் மாதி சுடுதண்ணீர்ப் பையோடு வந்தாள். வாசலிலேயே நின்றாள். கட்டில்மேல் என் டிரங்குப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டினது.

"பெட்டியக் கட்டிட்டீங்களா?"

"பூட்டு கெட்டுப்போச்சு. அதான் கயிறு."

"பாயும் சுருட்டியிருக்குது."

"காய வைக்கலாம்னு."

அவள் சுடுதண்ணீர்ப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். "திருப்பூர்ல பொண்ணு நல்லாப் பாத்துக்கும்ல?" என்றாள். நன்றாகப் பார்த்துக்கொள்ளும், கடிகாரம் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றேன். பெட்டிக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன். அவள் கொஞ்சநேரம் என் பாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் அவள் தம்பி வீட்டில் உழவுக்கு வைத்திருக்கிற டில்லர் வண்டியின் டயர் இரண்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆழமாகப் பட்டன் பட்டனாக இருக்குமே, அந்த டயர். ரிம் ஒத்துப்போனது என் அதிர்ஷ்டம். அவளே மாட்டினாள். என் கண் முன்னாலேயே வால்வை அமுக்கி, புஸ்ஸென்று காற்றைப் பாதி இறக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், பார்க்க முடியவில்லை. ஆனால் உடனே கிளம்பவில்லை. பதினொரு மணி வரைக்கும் ஐந்து பேரும் வெயிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கையால் புல்லைத் தடவிப் பார்த்துவிட்டு மாதி சீட்டில் ஏறினாள். நேராக மேலே, நேராகக் கீழே. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

எப்படி ஏறியது என்று கேட்பீர்கள். எல்லாம் என் ஏற்பாடுதான். மூன்று மாசமாக அந்த மெஷினுக்கு நான் கொடுத்த பயிற்சி சும்மா போகுமா? கேஜ் வீலில் ஏறிப் பழகி, சதுர டயரில் ஏறிப் பழகி, கரடியைச் சுமந்து ஏறிப் பழகிய மெஷின் அது. மாதி போய் உட்கார்ந்தாள், அது ஏறிவிட்டது. யார் உட்கார்ந்திருந்தாலும் ஏறியிருக்கும்.

செரியன் அம்மா சாயங்காலம் வந்து புல்லைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். "ஆரு ஓட்டினது?" என்றார்கள். பெட்டி கட்டினபடி கட்டில்மேல் இருக்கிறது.

மாதி சொன்னாள்: "நான்தாங்க ஓட்டினேன். அண்ணன் சொல்லச் சொல்ல ஓட்டினேங்க."

அம்மா என்னைப் பார்த்தார்கள், என் இடுப்பைப் பார்த்தார்கள். "அப்போ இனி நீதான் ஓட்டணும் மாதி. சம்பளம் டிரைவர் சம்பளம். மத்த நாலு பேரும் செடி நர்சரிக்குப் போகட்டும். ஒண்டிமுத்துக்கு இவிடே என்ன ஜோலி?"

மாதி யோசிக்கவே இல்லை. "பின்னால பாரம் வேணுங்க" என்றாள். "அண்ணன் தட்டுமேல உக்காந்தாத்தான் மேட்டுல சக்கரம் பிடிக்கும்."

பாருங்கள். எந்தப் படிப்பும் இல்லாத பொம்பளை. கரடி எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை, தானாகக் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு வருகிறபோது பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி வாயைப் பிடித்துக்கொண்டு, "சரி, பாரமாயிட்டு இருக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டார்கள். பல் வலி அப்போதே ஆரம்பித்திருக்க வேண்டும்.

அன்றையிலிருந்து இரண்டு வருசமாக அதுதான் உத்தியோகம். தட்டின்மேல் ஒரு மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், அப்போதுதான் வெட்டின இடம் கண்ணில் படும், மேற்பார்வை. என் எடை எண்பத்துநாலு. குறையக் கூடாது என்பதால் சமையல்கட்டில் எனக்கு இரண்டாவது முட்டை உண்டு. மேட்டில் மாதி, "அண்ணா, இடது பக்கம் சாயுங்க" என்பாள், சாய்வேன். சில நாள் சாயச் சொல்ல மறந்துவிடுவாள், நானே சாய்ந்துவிடுவேன். கரடியிடம் கற்றது.

என்ன தம்பி சிரிக்கிறீர்கள்? நடுவில் ஒரு தடவை காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டேன். பயந்துகொண்டே இருந்தேன், மெஷின் நின்றுபோயிருக்கும், புல் வளர்ந்திருக்கும் என்று. எழுந்து வந்து பார்த்தால் வெட்டியிருக்கிறது, சரிவு முழுக்க, கோடு போட்ட மாதிரி. "நான் இல்லாம எப்பிடி ஏத்தினே அம்மிணி?" என்று கேட்டேன். "ரொம்பச் சிரமப்பட்டுப் போச்சுண்ணா, ஒடம்பு சரியானா சீக்கிரம் வாங்க" என்றாள். பாவம். நான் அதுவரைக்கும் உட்கார்ந்த பழக்கத்தில் மெஷின் எப்படியோ மூன்று நாள் சமாளித்திருக்கிறது. நாலாவது நாள் தாங்கியிருக்குமா சொல்லுங்கள்?

அதனால்தான் சொல்கிறேன், இந்த நாலு சக்கரம் இழுக்கிற வித்தையெல்லாம் சமதளத்துக்காரர்களுக்குச் சரி. நீங்கள் இப்போது கிளம்பினால் பதினொன்றே காலுக்கு மேட்டுப்பாளையம் பஸ் இருக்கிறது. அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

அட, சத்தம் கேட்கிறதா? பனி காய்ந்துவிட்டது, வண்டியை எடுத்துவிட்டாள். அதோ வருகிறாளே, தலையில் வெள்ளை முண்டாசு, அவள்தான் மாதி. மாதி, இந்தத் தம்பி மெஷின் விற்க வந்தவர், அம்மா ஊரில் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏன் தம்பி அவளிடம் புத்தகத்தைக் கொடுக்கிறீர்கள்? அவள் எதற்கு? சரி, பார்க்கட்டும், பார்க்கட்டும். நாலு சக்கரமும் இழுக்கும், காற்று இறக்க வேண்டாம், ஈரத்திலும் ஏறும் என்று விளக்கமாகச் சொல்லுங்கள். சொல்லியாகிவிட்டதா. என்ன மாதி, பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாய்? சத்தமாகச் சொல், இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

"எல்லாஞ் சரிங்க. இதுல அண்ணன் எங்க உக்காருவாரு?"

கேட்டீர்களா தம்பி? தொழில் தெரிந்தவள் முதலில் கேட்கிற கேள்வி அது. நீங்கள் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருங்கள், நான் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன்.